முகம் தெரியாத தம்பிக்கு நாம் கொடுக்கும் வாக்கு

தலைவர் பிறந்த நாள் வந்துவிட்டால் நம் தோழர்கள் என்ன செய்வார்கள்? கொடியேற்றுவார்கள். ஊர்வலம் போவார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குவார்கள். அத்தோடு அரசு மருத்துவமனை வாசலில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஆலையிலிருந்து வந்தவர் நிற்பார்; ஆட்டோவை நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தவர் நிற்பார்; மூட்டை தூக்கிக் காய்த்த தோளோடு வந்தவர் நிற்பார். இரத்தம் கொடுத்துவிட்டு, தந்த பிஸ்கட்டைத் தின்று, தேநீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். "என் இரத்தம் யாருக்குப் போகிறது?" என்று எவரும் கேட்டதில்லை. அந்த வரிசையைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தவர்கள் நாம்.

அந்த வரிசையைப் பார்த்துத்தான் இன்று இன்னொன்று கேட்க வந்திருக்கிறோம். இரத்தம் கொடுத்த தோழர்களே, எலும்பு மஜ்ஜைக்கும் உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள்!

"மஜ்ஜையா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. "எலும்பை அறுப்பார்களா?" என்று அஞ்சுவோர் உண்டு. அச்சத்தை நாம் இழிவாகப் பேசமாட்டோம். இரத்த தானத்துக்கும் ஒரு காலத்தில் இதே அச்சம் இருந்தது. "இரத்தம் போனால் உடம்பு கெட்டுவிடும்" என்று தாய் தடுத்தாள். "ஆண்மை போய்விடும்" என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். விளைவு என்ன? இருப்பவன் கொடுக்க மறுத்தான். இல்லாதவன் விற்க வந்தான். வயிற்றுக்கில்லாத ஏழை தன் இரத்தத்தைப் புட்டிக் கணக்கில் விற்ற கொடுமை இந்த நாட்டில் நெடுநாள் நடந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து இரத்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. சட்டம் தடுத்தது வியாபாரத்தை. ஆனால் இரத்தம் வேண்டுமே! அந்த இடத்தை நிரப்பியவர்கள் யார்? தாமாக முன்வந்து கை நீட்டிய சாமானியர்கள். அச்சத்தை வென்ற பழக்கம் நமக்குப் புதிதல்ல.

நல்லி எலும்பின் உள்ளே

மஜ்ஜை என்பது என்ன? கறிக்கடையில் நல்லி எலும்பு கேட்டு வாங்குகிறோம். குழம்பில் வெந்த பிறகு தட்டில் தட்டி உறிஞ்சுகிறோம். எலும்புக்குள்ளிருந்து குழைவாக வருகிறதே, அதுதான் மஜ்ஜை. மனிதனின் எலும்புக்குள்ளும் அது இருக்கிறது. உடம்பின் இரத்தத் தொழிற்சாலை அது. சிவப்பணு அங்கே பிறக்கிறது. நோயை எதிர்க்கும் வெள்ளையணு அங்கே பிறக்கிறது. காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் அங்கேதான் பிறக்கிறது. இவற்றையெல்லாம் பெற்றெடுக்கும் மூல அணுவுக்கு ஸ்டெம் செல் என்று பெயர். தமிழில் குருத்தணு என்கிறார்கள். வாழைக்குருத்து போல, வெட்ட வெட்டத் துளிர்ப்பது அது.

அந்தத் தொழிற்சாலை கெட்டுவிட்டால்? இரத்தப் புற்றுநோய் வருகிறது. அல்லது உற்பத்தியே நின்று கடுஞ்சோகை வருகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கோளாறு; தலசீமியா என்று ஒன்று. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழவேண்டிய பிள்ளைகள் அவர்கள். நீலகிரி மலைமக்களிடையே அரிவாளணுச் சோகை என்றொரு நோய் தலைமுறை தலைமுறையாக வருகிறது. இவர்களில் பலருக்கு, கெட்ட மஜ்ஜையை அழித்துவிட்டு நல்ல மஜ்ஜையின் குருத்தணுக்களை உடம்பில் செலுத்தினால் மறுவாழ்வு உண்டு.

இது கதையல்ல. 1957-இல் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் இந்த முறையைப் பற்றி உலகுக்கு எழுதினார். எத்தனையோ தோல்விகளைத் தாண்டி அதை வெற்றியாக்கியவர் அவர். 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் முதல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சைக்கு இடமுண்டு. மருத்துவம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். பிறகு இல்லாதது எது? பொருத்தமான மனிதன்!

பூட்டும் சாவியும்

இரத்தத்தில் பெரும் பிரிவுகள் சில. "ஓ பாசிட்டிவ் வேண்டும்" என்று செய்தி பரப்பினால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் வருவார்கள். மஜ்ஜைக்கு அப்படியில்லை. ஒவ்வொருவர் அணுவின் மீதும் ஓர் அடையாளம் இருக்கிறது. எச்.எல்.ஏ. என்பார்கள். "இவன் நம்மவன், இவன் அயலான்" என்று உடம்பு பிரித்தறிவது அதைக் கொண்டுதான். அதன் வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பொருந்தாத மஜ்ஜையைச் செலுத்தினால், வந்த அணு இருந்த உடம்பையே தாக்கும் ஆபத்து உண்டு.

இந்த அடையாளத்தில் பாதி தந்தை தந்தது. பாதி தாய் தந்தது. ஆகவே கூடப் பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோர் பொதுவாகப் பாதிதான் பொருந்துவர். நாலும் ஐந்தும் பெற்ற காலத்தில் வீட்டுக்குள் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. இன்று வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். ஒற்றைப் பிள்ளைக்கு நோய் வந்தால் அண்ணனை எங்கே தேடுவது? தம்பியை எங்கே தேடுவது? வீட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும். பாதிப் பொருத்தத்தோடு பெற்றோரின் அணுவையே பயன்படுத்தும் முறையும் இன்று வளர்ந்திருக்கிறது, அது நல்லது. ஆனாலும் முழுப் பொருத்தமுள்ள ஒருவர் கிடைத்தால் அந்தக் குழந்தைக்கு இன்னொரு கதவு திறக்கும். அந்தக் கதவைத் திறப்பதற்குத்தான் பதிவேடு.

பதிவேடு பிறந்த கதை கல்நெஞ்சையும் கரைக்கும். 1971-இல் பிறந்த ஆந்தனி நோலன் என்ற சிறுவனுக்குப் பிறவியிலேயே இரத்த நோய். குடும்பத்தில் எவரும் பொருந்தவில்லை. அவன் தாய் ஷெர்லி நோலன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. "ஊரில் எவனோ ஒருவன் என் மகனுக்குப் பொருந்துவான், அவனைக் கண்டுபிடிப்பேன்" என்று எழுந்தாள். 1974-இல் இலண்டனில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினாள். உறவில்லாதார் பெயரை எழுதிவைக்கும் பதிவேடுகளில் உலகத்திலேயே அதுதான் முதலாவது. பெயர்கள் சேர்ந்தன. ஆனால் அவள் மகனுக்குரிய பெயர் மட்டும் வரவேயில்லை. 1979-இல், எட்டு வயது நிறையுமுன், ஆந்தனி மறைந்தான். தாய் பதிவேட்டை மூடினாளா? மூடவில்லை. தன் மகனுக்குக் கிட்டாதது மற்றவள் மகனுக்குக் கிட்டட்டும் என்று நடத்தினாள். அந்தப் பெயரிலேயே அது இன்றும் நடக்கிறது. இன்று உலகமெங்கும் இத்தகைய பதிவேடுகளில் நான்கு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

நம் பங்கு எவ்வளவு?

நான்கு கோடியில் நம் பங்கு என்ன? எட்டுக் கோடி மக்கள் வாழும் ஜெர்மனியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் இந்தியாவில் பதிவு செய்தவர் சில லட்சம்! சென்னையில் தாத்ரி என்ற பதிவேடு 2009 முதல் இயங்குகிறது; பெங்களூரிலும் ஒன்று இயங்குகிறது. உழைக்கிறார்கள், நாம் மறுக்கவில்லை. ஆனால் கடலுக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்த கதைதான்.

"ஜெர்மானியன் பெயர் இருக்கிறதே, அவனிடம் வாங்கிக்கொள்ளலாமே" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். எச்.எல்.ஏ. வழிவழியாக வருவது. ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்ந்தவரிடையே அது ஒத்திருக்கும் வாய்ப்பு அதிகம். அமெரிக்கப் பதிவேட்டின் கணக்கைப் பாருங்கள். அங்கே வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 79. ஆசிய வழியினருக்கு 47. கறுப்பின மக்களுக்கு 29. நோய்க்கு நிறபேதம் தெரியாது. ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இனத்துப் பிள்ளைக்கே வாய்ப்புக் கூடுகிறது. அயல்நாடுகளில் பிழைக்கப் போன நம் மக்களின் பிள்ளைகளும் நோயுற்றால் கடல் கடந்து இங்கேதான் தேடுகிறார்கள். ஏனெனில் அவர்களுடைய அணுவின் உறவு இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணம், சொந்தத்துக்குள்ளேயே மணம். மாமன் மகள், அத்தை மகன் என்று குருதி ஒரே வாய்க்காலில் ஓடியது. அதனால் பிறவி நோய்கள் பெருகின. ஒவ்வொரு கூட்டத்தின் அணு அடையாளமும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. சாதி போட்ட வேலி எலும்புக்குள்ளேயும் தடம் பதித்துவிட்டது!

"அப்படியானால் சாதிக்கொரு பதிவேடு வேண்டுமா?" என்று எவனாவது கேட்டால், கூடவே கூடாது என்போம். பதிவேடு ஒன்றுதான். ஆனால் அந்த ஒரே பதிவேட்டில் எல்லாத் தெருவும் இருக்க வேண்டும். இன்று பதிவு முகாம்கள் பெரும்பாலும் கல்லூரிகளிலும் கணினி நிறுவனங்களிலும் நடக்கின்றன. அந்த இளைஞர்கள் பெயர் கொடுக்கிறார்கள், வாழ்க! ஆனால் மீனவர் குப்பம் எங்கே? சேரி எங்கே? தறிக்கூடம் எங்கே? தேயிலைத் தோட்டத்து லயன் வீடு எங்கே? மலைக்கிராமம் எங்கே? குப்பத்துக் குழந்தைக்கு இரத்தப் புற்று வந்தால் அதற்குப் பொருந்தக்கூடிய மனிதன் பெரும்பாலும் கட்டுமரத்தில்தான் இருப்பான். அவன் பெயரை யாரும் கேட்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான். கொடுக்க மனமும் இருக்கிறது. ஆனால் கேட்டவர் இல்லை. அந்தக் குழந்தை சாகிறது. இதைவிடக் கொடிய அநீதி வேறு உண்டா?

ஆகவேதான் இந்த வேண்டுகோள் மாளிகைவாசிகளுக்கல்ல, உங்களுக்கு!

தேநீர்க் கடைக் கேள்விகள்

தேநீர்க் கடைப் பெஞ்சில் இந்தப் பேச்சை எடுத்தபோது தோழர்கள் நம்மை மடக்கிக் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்வோம்.

"பதிவு செய்வதென்றால் என்ன செய்வார்கள்?" ஒரு பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுப்பார்கள். ஒரு தாளில் கையெழுத்து. அவ்வளவுதான். ஊசியில்லை, இரத்தமில்லை, காசுமில்லை. உடல்நலமுள்ளவராக, 18 முதல் 50 வயதுக்குள் இருந்தால் போதும். ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அழைக்கப்படவே மாட்டார்கள்.

"அழைத்தால் எலும்பை அறுப்பார்களா?" அறுப்பதில்லை. இன்று பெரும்பாலும் கையிலிருந்தே எடுக்கிறார்கள். நான்கைந்து நாள் ஊசி மருந்து போடுவார்கள். மஜ்ஜையிலுள்ள குருத்தணு பெருகி இரத்தத்துக்கு வரும். பிறகு ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குப் போகும். இயந்திரம் குருத்தணுவை மட்டும் பிரித்துக்கொள்ளும். மீதி இரத்தம் மறு கை வழியே உடம்புக்கே திரும்பிவிடும். நான்கைந்து மணி நேர வேலை. சிலருக்கு மறுநாளும் தேவைப்படும். ஊசி போட்ட நாட்களில் உடம்புவலி இருக்கும், தலைவலி இருக்கும், காய்ச்சல் வந்தாற்போல் சோர்வு இருக்கும். "ஒன்றுமே இராது" என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். அந்த வலி சில நாளில் போய்விடும்.

"முதுகுத் தண்டில் ஊசி குத்துவார்களாமே?" தவறு! மஜ்ஜையை நேரடியாக எடுக்க வேண்டிய சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பு எலும்பின் பின்புறத்தில் ஊசியால் எடுப்பார்கள். தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை. சில நாள் இடுப்பு வலிக்கும். எடுத்ததைச் சில வாரங்களில் உடம்பே ஈடு செய்துவிடும்.

"ஆண்மை?" இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரத்தம் கொடுத்தவர்களையே சாட்சிக்குக் கூப்பிடலாம், பிள்ளைகுட்டியோடு வருவார்கள்!

"என்ன தருவார்கள்?" ஒன்றும் தரமாட்டார்கள். தரவும் கூடாது. விலை வைத்தால் நாளை எவன் வருவான்? மறுபடியும் பசித்தவன்தான் வருவான். இரத்தம் விற்ற அந்தக் காலத்தை நாம் திரும்பக் கூப்பிட வேண்டுமா? ஆனால் கொடுப்பவர் கையிலிருந்து மருத்துவச் செலவும் ஆகாது.

"கூலி போகுமே?" இதுதான் உண்மையான கேள்வி. தினக்கூலிக்காரனுக்குச் சில நாள் என்பது சில நாள் சோறு. மூட்டை தூக்குபவரும் கடப்பாரை பிடிப்பவரும் மருத்துவர் சொல்லும் வரை ஓய்வெடுக்கத்தான் வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும். குருத்தணு கொடுக்கும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கேளுங்கள். முறைசாராத் தொழிலாளி என்றால் அந்தத் தெருத் தோழர்கள் அவன் வீட்டுக்கு அந்த நாட்களின் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொடுங்கள். உயிர் கொடுக்கப் போகிறவன் வீட்டில் உலை எரிய வேண்டாமா?

கையெழுத்தா, வாக்கா?

இனி, கசந்தாலும் சொல்ல வேண்டிய ஒன்று.

முகாமில் ஆரவாரமாகப் பெயர் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். மூன்று ஆண்டு கழித்து ஒரு நாள் தொலைபேசி மணி அடிக்கிறது. "நீங்கள் ஒருவருக்குப் பொருந்தியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். அப்போது என்ன நடக்கிறது? கைப்பேசி எண் மாறிப்போயிருக்கிறது. எண் மாறாதிருந்தால் தாய் அழுகிறாள், மனைவி மறுக்கிறாள், மாமனார் "உனக்கு ஏன் இந்த வேலை?" என்கிறார். வீரமாகக் கையெழுத்திட்டவர் மெல்ல நழுவுகிறார். பதிவேடு நடத்துவோரின் தீராத வேதனை இதுதான்.

அந்த மறுப்பின் விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். மாற்றுச் சிகிச்சைக்குச் சில நாள் முன்னதாக நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் உடம்பில் இரத்தம் ஊற வழியில்லை. நோயை எதிர்க்கும் சக்தியில்லை. கண்ணாடி அறையில் படுத்துக்கொண்டு ஒரே ஒருவனுக்காகக் காத்திருப்பான். அந்த ஒருவன் அந்த நேரத்தில் "வரமாட்டேன்" என்றால், அது மறுப்பல்ல, மரண தண்டனை!

சட்டப்படி எந்த நேரத்திலும் விலகிக்கொள்ள உரிமையுண்டு. அந்த உரிமையை யாரும் பறிக்கக் கூடாது; வற்புறுத்தி எடுப்பது தானமுமல்ல. அதனால்தான் சொல்கிறோம்: தயங்குகிறவர் இன்று பெயர் கொடுக்க வேண்டாம்! வீட்டில் பேசுங்கள். தாயிடமும் மனைவியிடமும் சொல்லுங்கள். சந்தேகத்தை மருத்துவரிடம் கேளுங்கள். மனம் தெளிந்த பிறகு வாருங்கள். ஆயிரம் பேர் கையெழுத்திட்டு ஐந்நூறு பேர் நழுவுவதைவிட, நூறு பேர் வந்து நூறு பேரும் நிற்பது மேல்.

1958-இல் நடந்ததைச் சொல்கிறோம். யுகோஸ்லாவியாவில் வின்சா என்ற இடத்தில் அணு உலை விபத்து. ஆறு இளைஞர்கள் மீது கடும் கதிர்வீச்சு. பாரிசுக்குக் கொண்டு வந்தார்கள். மருத்துவர் ஜார்ஜ் மத்தே அவர்களில் ஐவருக்குப் பிறர் மஜ்ஜையைச் செலுத்தினார். கொடுத்தவர் யார்? உறவினரல்ல, பிரெஞ்சுக்காரர்கள். அந்த இளைஞர்களின் மொழிகூட அறியாதவர்கள். உறவில்லாதவரிடமிருந்து எடுத்து அதுவரை இப்படி நடந்ததில்லை. தமக்கு என்ன ஆகும் என்று சொல்ல முன் அனுபவம் யாருக்கும் இல்லை. ஆனாலும் வந்தார்கள். ஓர் இளைஞர் இறந்தார், மற்றவர்கள் பிழைத்தார்கள். அந்த மஜ்ஜை எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்று மருத்துவர்கள் பின்னாளில் விவாதித்தார்கள். ஆனால் வழியே தெரியாத காலத்தில், வலியைத் தாங்கி, அயல்நாட்டானுக்குக் கொடுக்க வந்தார்களே, அந்த நெஞ்சைப் பற்றி விவாதமில்லை. அன்று அவர்களுக்கு இருந்த இருட்டு இன்று நமக்கில்லை. பாதை போட்டாகிவிட்டது, விளக்கும் ஏற்றியாகிவிட்டது. நடக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு ஊரிலும் இதைச் செய்யுங்கள். அடுத்த இரத்த தான முகாமுக்குப் பதிவேட்டுக்காரர்களையும் அழையுங்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தெருத் தெருவாகச் சென்று விளக்குங்கள்; பெண்களிடம் தனியாக விளக்குங்கள். குப்பத்தையும் சேரியையும் தறிக்கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். பெயர் கொடுத்தவர்களின் எண் மாறினால் பதிவேட்டுக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். ஐம்பதைத் தாண்டிய மூத்த தோழர்கள், தம் மகனையும் மருமகனையும் அழைத்து வரட்டும். இளையவர் அணுவைத்தான் மருத்துவர் முதலில் நாடுகிறார்கள். அழைப்பு வந்தவருக்குத் தெருவே துணை நிற்கட்டும்.

எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது. அதன் தாய் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். "யாராவது கிடைத்தார்களா?" என்று தினமும் மருத்துவரைக் கேட்கிறாள். "இன்னும் இல்லையம்மா" என்று அவர் தலை குனிகிறார். அந்த "யாரோ" நம் பஞ்சாலையில் இருக்கலாம். நம் ஆட்டோ நிறுத்தத்தில் இருக்கலாம். இந்தப் பத்திரிகையை இப்போது கையில் பிடித்திருக்கும் நீங்களாகவே இருக்கலாம்.

பெயரைக் கொடுங்கள். அழைக்கும்போது போய் நில்லுங்கள்!